அளவெடுத்த கடிதங்கள்

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே பேசிப் பழகியவளுக்குத் தபாலில் கடிதம் வந்தால் திடுக்கென்றிருக்கும். பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் வலது கை நடுங்குவது உனக்குத் தெரியும். பல் செட் செய்கிறவனுக்குக் கை நடுங்கினால் கதை முடிந்தது. பட்டறையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இந்த நடுக்குவாத நோயில் எழுத்தும் நாளாக ஆகச் சிறுத்துக்கொண்டே போகும் என்று டாக்டர் சொன்னார். எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடுமாம். பெரிதாக எழுதிப் பழகினால் அதைத் தள்ளிப்போட முடியுமா என்று இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள். நானாகவே போய்ச் சேர்ந்தேன். ஒரு படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாமாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாமாம். இப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற இடத்தை என் வயசில் இப்போதுதான் பார்க்கிறேன்.

வேலை இதுதான். வாரம் ஒரு பக்கம், கோடு போட்ட தாளில், பெரிய எழுத்தாக எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு பெண் வீட்டுக்கு வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். ஒவ்வொரு எழுத்தின் உயரத்தையும் கணினியில் அளப்பாளாம். உன் சித்தப்பா அவளுக்கு அளவுகோல் என்று பேர் வைத்துவிட்டான்.

“என்ன எழுதுறதும்மா?” என்று கேட்டேன்.

“எதை வேணா எழுதுங்க சார். நாங்க அர்த்தத்தைப் பாக்க மாட்டோம். உயரத்தை மட்டும்தான் பாப்போம்.”

“அப்ப கெட்ட வார்த்தை எழுதலாமா?” என்று சித்தப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

“உயரமா எழுதினா சரிதான் சார்” என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சும்மா எழுது என்றால் எழுத வரவில்லை. யாருக்காவது எழுதினால் வருகிறது. அதனால் இனி முடிந்த வாரமெல்லாம் அதை உனக்குக் கடிதமாக எழுதுகிறேன். அவள் படம் பிடித்ததும் தபாலில் சேர்த்துவிடுவேன். கையும் பரவாயில்லை, மனசும் பரவாயில்லை. எழுத்து எவ்வளவு பெரிசு பார்த்தாயா? கடைப் பலகை மாதிரி.

அன்புடன்,
அப்பா

*

ஜனவரி 19

அப்பா,

கடிதம் வந்தது. அத்தைதான் வாங்கினார். “யாருக்கு என்ன ஆச்சுன்னு பாரும்மா” என்று பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் சற்று ஏமாந்த மாதிரி இருந்தது.

நானும் எழுதுகிறேன். உங்களுக்குக் காரணம் ஆராய்ச்சி. எனக்குக் காரணம் இந்த வீடு.

இங்கே போன் பேச இடமில்லை. கூடத்தில் மாமாவும் டீவியும். எங்கள் அறையில் நாத்தனாரின் பிள்ளைகள், வீட்டுப்பாடம். சமையலறையில் அத்தை. மொட்டைமாடியில் எல்லாருடைய துணியும், அதை எடுக்க வருகிறவர்களும். “நல்லா இருக்கேன்ப்பா” என்று நான் சொல்வது உங்களுக்கு மட்டும் சொல்வதல்ல. வீட்டுக்கே சொல்வது.

வேலை அதே. வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையடியில் வசனம் எழுதுவது. இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. போனால், படிப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் எனக்கு நீளமாக எழுத வராமல் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்.

இவர் நல்லவர். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது. சில நாள், இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் போகிறேன். கடைசி நிறுத்தம் வரை. அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்திருப்பேன். பிறகு அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லிவிடுவேன். இவருக்குத் தெரியாது.

தெரிந்தால், தன்னைவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்வார். நான் போகவில்லை. கொஞ்சம் தாமதமாக வருகிறேன். அவ்வளவுதான்.

உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். சித்தப்பாவிடம்கூடச் சொல்லாதீர்கள்.

உங்கள்,
வாலு

*

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பா, “என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டான். “எல்லாரும் சௌக்கியம்னு” என்றேன். “அதுக்கா இவ்வளவு நேரம் படிச்சே?” என்றான். கண்ணாடியைத் துடைத்துச் சமாளித்தேன்.

நீ சொன்ன விஷயத்தைப் பற்றி இதில் விவரமாக எழுத முடியாது. இந்தத் தாளை அளவுகோல் படம் பிடிப்பாள் அல்லவா? ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கடைசி இடத்தில் டீக்கடை இருக்கிறதா? வெறும் வயிற்றோடு உட்காராதே.

இங்கே நான் பிரமாதமாக இருக்கிறேன். எழுத்தின் உயரம் கூடியிருப்பதாக அளவுகோல் சொன்னாள். படம் போட்டுக் காட்டினாள், மலை ஏறுகிற மாதிரி கோடு. வெள்ளிக்கிழமையானால் சித்தப்பா சட்டையைத் தேய்த்து வைக்கிறான். அவளுக்காக நான் அலங்காரம் செய்துகொள்வதாகக் கிண்டல். அவள் என்னிடம் சின்னதாக ஓர் உதவி கேட்டாள். செய்தேன். பெரிய விஷயமில்லை.

முக்கியமான செய்தி. அவளுடைய பேராசிரியர் ஏப்ரலில் உன் ஊருக்கு வந்து இந்த ஆராய்ச்சி பற்றிப் பேசப்போகிறாராம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். என் எழுத்தைப் பெரிய திரையில் காட்டுவார்கள். பேர் போட மாட்டார்கள். ஆனால் உனக்குத் தெரியுமே. போய்ப் பார். மாப்பிள்ளையையும் கூட்டிப் போ.

அன்புடன்,
அப்பா

*

மார்ச் 27

அப்பா,

போகிறோம். இவர் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டார். “மாமனார் கையெழுத்து திரையில வருதுன்னா சும்மாவா?” என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். போட்டோ எடுக்கக்கூடாது என்று அழைப்பில் போட்டிருக்கிறது. அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

டீக்கடை இருக்கிறது. டீ சுமார்.

வாலு

*

ஏப்ரல் 12

அப்பா,

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

அரங்கம் சின்னது. எங்களுக்கு மூன்றாவது வரிசை. முதலில் உங்கள் எழுத்து வந்தது. “டீக்கடை இருக்கிறதா” என்ற வரி. இவர் என் கையைத் தட்டி, “மாமாதான், மாமாதான்” என்றார். எனக்கும் சந்தோஷம். கண் நிறைந்துவிட்டது.

அடுத்த படம்.

“இது அதே குடும்பத்தில், நோய் இல்லாத ஒருவரின் எழுத்து” என்றார் பேராசிரியர்.

என் எழுத்து. சுவரளவு. ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் காலிலும் சிவப்புக் கோடு.

இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் போகிறேன்.
வேலை அதிகம் என்று சொல்லிவிடுவேன்.
இவருக்குத் தெரியாது.

மூன்று வரி. என் தொழிலில் ஒரு வரி அதிகம். படிப்பதற்குள் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பேராசிரியர் எழுத்துகளின் சாய்வு பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார்.

பேர் இல்லை. ஊர் இல்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டுகிற சாமான் சீட்டை வாராவாரம் எடுத்துப்போய்ச் சாமான் வாங்கி வருகிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் திரையைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார்.

பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். எங்கள் நிறுத்தம் வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரை போனோம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“இங்கதானா?”

“ஆமா.”

“மழை வந்தா என்ன பண்ணுவே?”

“குடை இருக்கும்.”

நான் அழுதேன். இவர் டீ வாங்கிவந்தார்.

உங்களுக்கு இது நல்ல முடிவாகத் தோன்றலாம். இல்லை. இவர் இப்படிப்பட்டவர் என்பது இவருடைய குணம். நீங்கள் செய்ததற்கு அது சமாதானம் ஆகாது. வேறு வீடாக இருந்திருந்தால்? வேறு ஆளாக இருந்திருந்தால்?

உங்களிடம் மட்டும் என்று எழுதினேன்.

ஆராய்ச்சியில் சேர்கிறவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் ஒரு நெறிமுறைக் குழு இருக்கிறதாம். அழைப்பின் பின்பக்கத்தில் அதன் முகவரி இருந்தது. அவர்களுக்கு எழுதப்போகிறேன்.

மகள்

*

ஏப்ரல் 24

வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதை அளவுகோலிடம் காட்டவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள், “உங்க குடும்பத்துல வேற யாரோட கையெழுத்தாவது கிடைக்குமா சார்? சேத்து வச்சுப் பாத்தா நல்லாயிருக்கும்.” எனக்கு வாயெல்லாம் பல். “என் பொண்ணு எழுதினது இருக்கே, முத்து முத்தா இருக்கும்” என்று உள்ளே போய் எடுத்துவந்தேன். அவள் வாங்குவதற்கு முன் தயங்கினாள். “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே சார்?” என்றாள். “என் பொண்ணும்மா. நான் சொன்னா சொன்னதுதான்” என்றேன்.

ஆக, அவள் கேட்டாள். நான்தான் உனக்குப் பதிலாகத் தலையாட்டினேன். குற்றம் என்னுடையது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குப் புரியாது. நீ பட்டறைப் பக்கம் வந்ததே குறைவு. என்னிடம் வந்ததெல்லாம் அச்சுகள். டாக்டர் வாயில் அச்செடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்புவார். மேலே ஓர் எண். எத்தனை பேர் வாய் என் மேஜை மேல் இருந்திருக்கிறது! ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. எனக்கு அது வாய்கூட இல்லை. மேடு, பள்ளம், உயரம். அவள் “அர்த்தத்தைப் பாக்க மாட்டோம்” என்றதும் எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. நம்மைப் போன்ற ஆள் என்று நினைத்தேன். உன் கடிதத்தைக் கொடுத்தபோது கடிதத்தைக் கொடுத்ததாகவே தோன்றவில்லை. அச்சைக் கொடுத்த மாதிரி இருந்தது.

குழுவுக்கு எழுதுவேன் என்கிறாய். என்னைத் திட்டு. வேண்டிய மட்டும் திட்டு. அந்தப் பெண்ணை விட்டுவிடு. படிப்பு முடிகிற நேரம். விஷயம் தெரிந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். ஆராய்ச்சியும் நின்றுபோகும். வாரத்தில் ஒரு நாளாவது ஒழுங்காக முகச்சவரம் செய்துகொள்கிறேன் என்றால் அது வெள்ளிக்கிழமைக்காகத்தான்.

மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா? வேண்டாம் என்றால் பேசவில்லை.

அப்பா

*

மே 8

அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

குழுவின் தலைவி போனில் கூப்பிட்டார். நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன். அந்தப் படத்தை நீக்கிவிட்டார்களாம். ஆராய்ச்சியை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். “உங்கப்பா சம்மதம் கொடுத்திருக்கார். நீங்க கொடுக்கல. உங்களையும் கேட்டிருக்கணும். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க” என்றார்.

இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

பிறகு சொன்னேன். யாருடைய படிப்பும் கெட வேண்டாம். நான் எழுதியது, யாருக்கு எழுதினேனோ அவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

அவ்வளவுதான் கேட்டேன். உங்கள் பெண் அந்தப் பெண்ணை ஒன்றும் செய்துவிடவில்லை.

இவரிடம் நீங்கள் பேச வேண்டாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். பெஞ்சில். வாரம் ஒரு தடவை இவரும் வருகிறார். வீட்டில் இரண்டு பேருக்கும் ஆபீசில் வேலை அதிகம் என்று நினைக்கிறார்கள்.

உங்கள் மீது கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது வேறொன்றாக மாறிவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியிலிருந்து நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் நேற்று எடுத்து வரிசையாகப் படித்தேன். பிரமாதமாக இருக்கிறேன். பரவாயில்லை. மலை ஏறுகிற கோடு. சித்தப்பாவின் கிண்டல். எல்லாக் கடிதத்திலும் நீங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.

உங்கள் கடிதத்தை வேறொருவரும் பார்ப்பார் என்று தெரிந்து நீங்கள் எழுதினீர்கள். தெரியாமல் நான் எழுதினேன். நான் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் நன்றாகத் தெரிகிற மாதிரி சொன்னீர்கள்.

உங்கள் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதன் உயரம் மட்டும் தெரியும்.

எனக்கு நீங்கள் இதுவரை ஒரு கடிதம்கூட எழுதவில்லை அப்பா.

வாலு

*

ஜூன் 21

வாலுவுக்கு,

உனக்கு எழுதி இரண்டு மாதம் ஆகப்போகிறது. என்ன எழுதினாலும் நீ சொன்ன மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டேன். சித்தப்பா, “தாள் விலை தெரியுமா?” என்றான்.

குழு என்னை வரச் சொல்லியிருந்தது. கட்டாயமில்லை, விருப்பமிருந்தால். போனேன். சித்தப்பா துணைக்கு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். நீளமான மேஜை. தலைவியம்மா, ஒரு வக்கீல், இரண்டு டாக்டர்கள், பேராசிரியர். ஓரத்தில் அளவுகோல். பாவம், முகம் வீங்கியிருந்தது.

தலைவியம்மா கேட்டார்: “இந்த ஆராய்ச்சியில உங்களை யாராவது சங்கடப்படுத்தினாங்களா?”

“இல்லம்மா. நான்தான் என் பொண்ணைச் சங்கடப்படுத்திட்டேன்.”

“பேரை மறைச்சிருந்தாங்க. அது போதும்னு நினைச்சீங்களா?”

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. ஆனால் வாய் திறந்ததும் ஒரு பழைய விஷயம் வந்துவிட்டது. உனக்கும் சொன்னதில்லை. ஒரு தடவை பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி. மேல்வரிசை என் வேலை. முன்பல்லில் இயற்கையாக இருக்கட்டும் என்று ஒரு சின்ன மடிப்பு வைப்பேன், அது இருந்தது. எண் போட்ட டப்பாவில் வந்தவர் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஒரே ஆனந்தம். “எப்படி சார் இருக்கு, உறுத்தலையே?” என்று கேட்டேவிட்டேன். அந்த மனிதருடைய முகம் செத்துப்போயிற்று. அது பல் செட் என்று மனைவிக்குத் தெரியாதாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்கள்.

“பேர் இல்லாட்டியும் தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சுடும்மா. எனக்கு அது தெரிஞ்சிருக்கணும். என் வாயைத் திறந்து காட்ட நான் சம்மதம் கொடுக்கலாம். என் பொண்ணு வாயைத் திறக்க எனக்கு என்ன உரிமை?” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்க வைக்கச் சொல்லவும் இல்லை.

அளவுகோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேறு யாருடைய எழுத்தை வாங்கினாலும் எழுதினவரிடமே கேட்க வேண்டும். எழுதுகிறவர்களிடம், தாளில் அடுத்தவர் விஷயம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். பேராசிரியருக்குத்தான் கொஞ்சம் திட்டு விழுந்தது. வெளியே வந்ததும் அவள் அழுதாள். “உங்க பொண்ணை நான் கேட்டிருக்கணும் சார். நீங்க சொன்னதும் விட்டுட்டேன். ஒப்பிட ஆள் கிடைச்ச சந்தோஷத்துல” என்றாள். “எனக்கும் அதே வியாதிதாம்மா, சந்தோஷம்” என்றேன். சித்தப்பா எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான். அவன் யாருக்கும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

உன் கடிதத்தை ஒட்டிய உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கணினியில் இருந்ததை என் முன்னாலேயே அழித்தார்கள். என் பக்கங்களை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அதையும் அழித்துவிடுங்கள் என்றேன். என் கடிதத்திலும் நீதானே இருக்கிறாய். நான் ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொண்டேன். காரணம் சொல்ல வேண்டாம் என்றார்கள். சொல்லவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு யாரும் வருவதில்லை.

அப்பா

*

ஜூலை 9

அப்பா,

நீங்கள் விலகுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதைக் கேட்கவும் இல்லை.

படித்துவிட்டு இவரிடம் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. என் தப்பு. பஸ்ஸில் சிரித்தவர் கதையைப் படித்துவிட்டு இவர், “அன்னிக்கு நானும் அந்தாள் மாதிரிதான் இருந்தேன்” என்றார். பிறகு, “ஆனா நான் இறங்கிப் போகல” என்றார்.

போகவில்லை.

போன வாரம் இவரே அத்தையிடம் பேசினார். நான் அறைக்குள் இருந்தேன். எல்லாம் கேட்டது, இந்த வீட்டில் கேட்காதா என்ன. “அவளுக்கு ஒரு கதவு வேணும்மா.” அத்தை, “இருக்கிற கதவெல்லாம் போதலையா?” என்றார். அடுத்த நாள் சாமான் அறையில் இருந்த பழைய பீரோவை அத்தையே ஆளை வைத்து வெளியே எடுத்தார். ஜன்னல் சின்னது. கதவு இருக்கிறது. தாழ்ப்பாளும்.

உங்கள் அளவுகோல் எனக்கு எழுதினாள். மன்னிப்பு. அதோடு ஒரு சம்மதப் படிவம். புதிதாகத் தொடங்கும் ஆராய்ச்சிக்கு, நோயில்லாதவர் பிரிவில், எதையாவது பார்த்து எழுதித் தர இயலுமா என்று. மறுத்தால் உங்கள் சிகிச்சைக்கோ எனக்கோ எந்தப் பாதிப்பும் இல்லை என்று தடித்த எழுத்தில். வரிவரியாகப் படித்தேன். ‘விருப்பமில்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டு அனுப்பினேன்.

‘நன்றி’ என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவள் மீது இருந்த கோபம் தீர்ந்துவிட்டது.

நீங்கள் திரும்பச் சேருங்கள் அப்பா. எனக்காக விலகியிருந்தால் எனக்காகச் சேருங்கள். அவளுக்குப் பக்கம்தானே வேண்டும்? பல் செட் எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். அச்சு, மெழுகு, அந்தச் சின்ன மடிப்பு. உயரமாக எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அது முடிந்த பிறகு, வேறு ஒரு தாளில், எனக்கு எழுதுங்கள்.

உங்கள்,
வாலு

*

ஆகஸ்ட் 2

வாலு,

திரும்பச் சேர்ந்துவிட்டேன். புதுப் படிவம், புதுக் கையெழுத்து. மேல்தாடை வரை எழுதியாயிற்று. அளவுகோல் ஆர்வமாகப் படிக்கிறாள். அர்த்தத்தைப் பார்க்கக்கூடாதே என்றேன். “இது பாக்கலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க” என்றாள்.

இது அந்தத் தாள் இல்லை. இதில் கோடு இல்லை. பெரிதாக எழுத நான் முயற்சி செய்யவில்லை. எழுத்து எப்படி வருகிறதோ அப்படி விட்டிருக்கிறேன். சிரமப்பட்டுப் படிப்பாய். படி.

காலையில் நான் கண் விழிப்பதற்கு முன்பே கை விழித்துவிடுகிறது. போர்வைக்குள் அது தனியாக ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன். என்னுடையதா என்று சந்தேகம் வருகிறது.

சட்டைப் பொத்தானைச் சித்தப்பா போட்டுவிடுகிறான். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவன் அப்போது மட்டும் கிண்டல் செய்வதில்லை. செய்தால் தேவலை.

எழுத்து உயர்ந்தது என்று அவள் காட்டிய கோடு நிஜம். ஒரு பக்கம் எழுதிவிட்டு நான் மூன்று நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்ததும் நிஜம். அதை அவளிடம் சொல்லவில்லை. போன வாரம்தான் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அதையும் சொல்ல வேண்டும் சார், அதுதான் முக்கியம் என்றாள்.

உன் அம்மா இருந்தால் என்னை இப்படிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, அவள் இல்லாதது நல்லதுதான் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அன்று முழுவதும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது வாலு. கைக்காக இல்லை. கை போனால் போகட்டும், அதன் வேலையைச் செய்துவிட்டது. அடுத்தது நாக்கு என்கிறார் டாக்டர். பேச்சு குழறுமாம். போனில் நான் சொல்வது உனக்குப் புரியாமல், நீயும் புரிந்த மாதிரி “சரிப்பா, சரிப்பா” என்று சொல்கிற ஒரு நாள் வருமே, அதற்குத்தான் பயம்.

இதற்கு ஆறுதல் சொல்லி எழுதாதே. புதுக் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய். ஒன்றும் பேச வேண்டாம். கொஞ்ச நேரம் நான் பேசுகிறேன்.

சித்தப்பாவிடம் கொடுக்காமல் நானே நடந்து போய்த் தபாலில் போடப்போகிறேன். உறையின் மேல் உன் முகவரியை மட்டும் பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக, சிரமப்பட்டு எழுதியிருக்கிறேன். அதைத்தான் மற்றவர்கள் படிக்க வேண்டும்.

அப்பா